படுவான்கரையில் ஓநாயா? நரி, நாய், ஓநாய் பற்றி ஒரு விளக்கம்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் இருப்பவர்களுக்கு இந்த மாதிரி வீடியோ புதிதல்ல. அந்திப் பொழுது, கிறவல் றோட்டு, மோட்டார்சைக்கிள் வெளிச்சத்தில் ஏதோ ஒன்று குறுக்கே ஓடுகிறது, கண் இரண்டும் பளிச்சென்று மின்னுகின்றன, பின்னால் யாரோ "ஓநாய்டா மச்சான்" என்கிறார். ஒருமுறை மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வெல்லாவெளி என்று வருவது, அடுத்த முறை அப்படியே பொத்துவில் என்று வரும். அதோடு வட இந்தியாவில் ஓநாய் பிள்ளைகளைத் தூக்கிச் சென்ற செய்தியும், அமெரிக்காவில் அழிந்துபோன ஓநாயை உயிர்ப்பித்துவிட்டார்கள் என்ற செய்தியும் சேர்ந்து பரவ, "எங்கட பக்கமும் வந்திட்டுதாம்" என்று பிள்ளைகளை வயல் வட்டைப் பக்கம் விடாமல் மறிக்கிற அளவுக்குப் போய்விடுகிறது.

பதில் ஒரு வரிதான். இலங்கைக் காடுகளில் ஓநாய் இல்லை, நீங்கள் பார்த்தது பெரும்பாலும் நரி, இல்லாவிட்டால் நாய். ஆனால் ஒரு வரியில் சொன்னால் யாரும் நம்பப்போவதில்லை. அதனால் அடியிலிருந்தே வருவோம்.

முதலில் உறவுமுறை

நாய்க் குடும்பம் பெரியது. எங்கள் பேச்சுக்கு அதில் மூன்று பேர் போதும்.

1. ஓநாய். வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா மூன்றிலும் இருக்கிற விலங்கு. படங்களில் பனிக்குள் நிற்கிற சடைக்காரன் வடநாட்டு வகை, நாற்பது கிலோவைத் தாண்டும். இந்தியாவில் இருப்பது வேறு உடம்பு: மெலிவு, நீண்ட கால், குட்டை மயிர், இருபது கிலோ சுற்றி எடை. மகாராஷ்டிரம், குஜராத், ராஜஸ்தான், கர்நாடகம் போன்ற இடங்களின் வறண்ட புல்வெளியும் முட்காடும்தான் அதன் வீடு. வெளிமான் குறைந்துபோன இடங்களில் ஆட்டை நம்பி வாழ்கிறது. உலகத்து ஓநாய்களுக்குள் மிகப் பழைய கிளைகளில் இதுவும் ஒன்று என்று 2021இல் வந்த மரபணு ஆய்வு காட்டியது. இந்தியாவின் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில், அதாவது புலிக்குக் கிடைக்கும் அதே பாதுகாப்பில் இருக்கிறது.

2. நரி. தென்கிழக்கு ஐரோப்பா தொடங்கி இந்தியா, தாய்லாந்து வரை பரவியிருக்கிற பொன்னிற நரி. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ள கிளையினத்தை 1916இல் ரொட்டன் என்ற ஆங்கிலேயர் தனியாகப் பிரித்து விவரித்தார். பத்துக் கிலோவுக்குள், தோள் உயரம் ஒன்றரை அடி சுற்றி. குமண, லகுகல போன்ற காடுகளில் மட்டுமில்லாமல் வயலோரப் பற்றைகளிலும் வாழும்.

3. நாய். இங்கேதான் பலருக்கு ஆச்சரியம் வரும். உங்கள் வளவில் படுத்திருக்கிற ஊர் நாய், நரியின் வம்சம் இல்லை, ஓநாயின் வம்சம். சில நாய் இனங்கள் நரியிலிருந்து வந்திருக்கலாம் என்று ஒரு காலத்தில் பெரிய விஞ்ஞானிகளே நினைத்தார்கள், மரபணுவைப் பார்த்த பிறகு அந்தக் கதை முடிந்துவிட்டது. குறைந்தது பதினைந்தாயிரம் ஆண்டுகளாவது ஆகியிருக்கும், எங்கோ ஓர் ஓநாய்க் கூட்டம் மனிதனோடு ஒட்டிக்கொண்டது. ஜெர்மனியில் பொன் நகருக்குப் பக்கத்தில் மனிதர்களோடு சேர்த்துப் புதைக்கப்பட்ட நாய் ஒன்று கிடைத்தது, அதற்கு வயது 14,000 ஆண்டுகளுக்கு மேல்.

ஆக, மட்டக்களப்பில் ஓநாய் இரத்தம் தேடுகிறவர்கள் காட்டுக்குப் போகத் தேவையில்லை, கல்லடிக் கடற்கரையில் மீன் தலைக்குச் சண்டை பிடிக்கிற கூட்டத்தைப் பார்த்தால் போதும்.

பிறகு ஏன் நரியைப் பார்த்து ஓநாய் என்கிறார்கள்?

இதற்குக் கதைப் புத்தகங்கள்தான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன். சின்ன வயதில் காகமும் வடையும் கதையில் நாங்கள் பார்த்த நரியின் படத்தை நினைத்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிறம், கூர் மூக்கு, பஞ்சு மூட்டை மாதிரி வால், வால் நுனி வெள்ளை. அது ஐரோப்பாவின் செந்நரி, இலங்கையில் கிடையாது. படம் வரைந்தவர் எங்கோ பார்த்த வெளிநாட்டுப் படத்தை அப்படியே போட்டுவிட்டார். இப்படி வளர்ந்த பிள்ளை உன்னிச்சைப் பக்கம் போகும்போது, சாம்பலும் பழுப்பும் கலந்த, முதுகு கறுத்த, வால் தொங்கின ஒரு விலங்கைக் கண்டால் அது நரி என்று எப்படித் தெரியும்? நாயும் இல்லை, படத்தில் பார்த்த நரியும் இல்லை, மிச்சமிருப்பது ஓநாய்தானே. கணக்குச் சரி, தொடங்கின இடம்தான் பிழை.

அடையாளம் பிடிக்க நினைப்பவர்கள் இவற்றைக் கவனியுங்கள்:

1. வால். ஊர் நாயின் வால் பெரும்பாலும் மேலே வளையும். நரியின் வால் கீழே தொங்கும், நுனி கறுப்பு.

2. நடை. நரி குனிந்த தலையோடு, சின்னச் சின்ன அடியாக, நேர்கோட்டில் ஓடும். நாய் மாதிரி அங்கும் இங்கும் மோப்பம் பிடித்து அலையாது.

3. மயிர். மயிரே இல்லாத, தோல் சுருங்கிய, "பேய் மாதிரி" ஒன்று என்று வருகிற படங்கள் அநேகமாகச் சொறி பிடித்த நாயோ நரியோதான். சொறி முற்றினால் உருவமே மாறிவிடும், காது பெரிதாகத் தெரியும், முகம் நீண்டு தெரியும். உலகம் முழுக்க "மர்ம விலங்கு" செய்திகளில் பாதி இப்படிச் சொறி பிடித்தவைதான் என்பது என் கணிப்பு.

4. அளவு. இருட்டில் ஒற்றை லைட்டில் தெரிகிற எதுவும் பெரிதாகத்தான் தெரியும். பக்கத்தில் இருக்கிற வரம்பையோ வேலிக் கட்டையையோ வைத்து அளவு பாருங்கள்.

ஜெர்மன் ஷெப்பர்ட், ஹஸ்கி போன்ற நாய்கள் அவிழ்த்துக்கொண்டு ஓடுவதும் உண்டு, அவற்றைக் கண்டு ஏமாறுவது மன்னிக்கக்கூடியது.

பகலில் நரியைப் பார்க்கக் கிடைத்தால் நின்று பாருங்கள், பெரும்போக அறுவடை முடிந்த வயல் அதற்கு நல்ல இடம். தாளடிக்குள் எலி ஓடுகிற சத்தம் கேட்டதும் நரி சிலையாக நிற்கும், இரண்டு காதும் முன்னால் திரும்பும், தலை மெல்ல ஒரு பக்கம் சாயும். பிறகு நாலு காலும் நிலத்தை விட்டு எழும்ப, வில் மாதிரி வளைந்து பாய்ந்து, முன்னங்கால் இரண்டையும் சேர்த்து எலி மேல் குத்தும். பிடிபடாவிட்டால் ஒன்றும் நடக்காதது போல வரம்பில் ஏறி, வக்கடைப் பக்கம் வயல் நண்டு கிண்டப் போய்விடும். எலி, நண்டு, பழம், செத்த மாடு என்று எதுவும் சரி. வயல்காரருக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை எலி வெட்டின வேளாண்மையைப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஓநாய் ஏன் இந்தத் தீவில் இல்லை?

கடைசிப் பனி யுகத்தில், இன்றைக்குச் சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, கடல் மட்டம் இப்போதையதைவிட 120 மீற்றர் வரை கீழே இருந்தது. பாக்கு நீரிணை ஆழமில்லாத கடல், அப்போது அது தரை. இந்தியாவிலிருந்து நடந்தே வரலாம், பல விலங்குகள் வந்தன. இரத்தினபுரிப் பக்கம் மாணிக்கக்கல் தோண்டும் மண்ணில் சிங்கத்தின் பல் கிடைத்து, அதை வைத்து இலங்கை ஆய்வாளர் தெரணியகல 1939இல் இலங்கைச் சிங்கம் என்று ஒரு கிளையினத்துக்கே பெயர் வைத்தார். புலியின் எச்சங்களும் கிடைத்திருக்கின்றன. இரண்டும் இப்போது இல்லை. பனி உருகிக் கடல் ஏறியதும் பாதை மூடிக்கொண்டது, உள்ளே நின்றது நின்றதுதான், வெளியே நின்றது வெளியேதான்.

அதனால் இன்றைய இலங்கையில் புலி, ஓநாய், செந்நாய், கழுதைப்புலி ஒன்றும் கிடையாது. இந்திய ஓநாய்க்கு வேண்டியது திறந்த வறண்ட நிலமும் அதில் மேய்கிற கூட்டங்களும். அடர்ந்த காடும் ஈரமும் அதற்குத் தோதில்லை. நரி அப்படியில்லை, காடு, வயல், உப்பளம், குப்பைமேடு எங்கும் சமாளிக்கும். எங்கள் காட்டில் சிறுத்தைதான் உச்சியில், அதற்குக் கீழே இறைச்சி தின்கிற பெரிய இடம் நரிக்கு.

"ஆல்ஃபா" கதையும் ஊளையும்

டிக்டொக்கில் ஓநாய்ப் படம் போட்டு, பின்னால் இசை போட்டு, "ஆல்ஃபா ஆண் தனியாகத்தான் நிற்பான்" என்று தத்துவம் சொல்கிற பையன்கள் நிறைய. இது எங்கிருந்து வந்தது என்பது சுவையான கதை.

1. சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக் காட்சியகத்தில் ஓநாய்களைப் பார்த்த ருடோல்ஃப் ஷெங்கல், 1947இல் அவை பதவிக்காக அடிபடுவதை விவரித்தார்.

2. அமெரிக்க ஆய்வாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய புத்தகம் அதை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. தலைவன் என்றால் அடித்துப் பிடித்து மேலே வந்தவன் என்ற எண்ணம் அப்படித்தான் ஊன்றியது.

3. பிறகு அதே மீச் காட்டில் பல கோடைகாலம் ஓநாய்களோடு இருந்து பார்த்துவிட்டு, 1999இல் தானே அதை மறுத்து எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். அம்மா, அப்பா, இந்த வருடத்துக் குட்டிகள், போன வருடத்துக் குட்டிகள். "தலைவன்" என்பது தகப்பன். பழைய புத்தகத்தை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்திடம் கேட்டும் பார்த்தார்.

தெரியாத ஓநாய்களைப் பிடித்து ஒரு கூட்டில் அடைத்தால் அடிபடத்தான் செய்யும், மனிதரை அடைத்தாலும் அதுதான் நடக்கும். தனியாக அலைகிற ஓநாய் என்பது பெரும்பாலும் வளர்ந்து வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிள்ளை, துணையும் இடமும் தேடிப் போகிறது. வீரவசனத்துக்கு அதில் ஒன்றும் இல்லை. நரியும் இப்படித்தான், ஆணும் பெண்ணும் சோடியாக வாழும், முந்தின ஈற்றுப் பிள்ளைகள் நின்று தம்பி தங்கச்சிகளுக்கு இரை கொண்டுவந்து கொடுப்பதும் உண்டு.

ஊளைக்கும் நிலாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பிரிந்து போனவர்களைக் கூப்பிடவும், "இது எங்கள் இடம்" என்று பக்கத்துக் கூட்டத்துக்குச் சொல்லவும்தான் ஊளை. படுவான்கரையில் மாலை மங்கும்போது ஒரு நரி தொடங்க, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து இன்னொரு சோடி பதில் சொல்ல, பிறகு நாலு பக்கமும் கிளம்புமே, அது எல்லைத் தகராறு. அம்புலன்ஸ் சைரனுக்கு ஊர் நாய் தலையைத் தூக்கி ஊளையிடுவதும் இதே பழக்கத்தின் மிச்சம். சாவு வரப்போகிறது என்று அதைக் கல்லால் எறிய வேண்டியதில்லை.

மேய்ப்பனின் ஓநாய், வேடனின் ஓநாய்

இப்போது கற்பனைக்கு வருவோம். உலகத்துக் கதைகளில் ஓநாய்க்கு இரண்டு முகம் இருக்கிறது, எந்த முகம் என்பது கதை சொன்னவரின் பிழைப்பைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

ஆடு வளர்க்கிறவனுக்கு ஓநாய் வில்லன். அவன் சொத்து நாலு காலில் நிற்கிறது, ஓநாய் வருவது அந்தச் சொத்தைத் தின்ன. ஐரோப்பாவின் சிவப்புத் தொப்பிச் சிறுமி கதையை 1697இல் பெரோ அச்சில் கொண்டுவந்தபோது, ஓநாய் சிறுமியைத் தின்றுவிடும், அவ்வளவுதான், காப்பாற்ற யாரும் வரமாட்டார்கள். நாங்கள் கேட்டு வளர்ந்த, வேட்டைக்காரன் வந்து வயிற்றைக் கீறிப் பாட்டியையும் பேத்தியையும் வெளியே எடுக்கிற முடிவு, 1812இல் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் வந்தது. இந்தப் பயம் வெறும் கற்பனையும் இல்லை. பிரான்சின் ஜெவோதான் பகுதியில் 1764 முதல் 1767 வரை ஒரு விலங்கு (அல்லது விலங்குகள்) நூறு பேரளவில் கொன்றது, அரசரே படை அனுப்ப வேண்டி வந்தது. வட ஐரோப்பியரின் நோர்ஸ் புராணத்தில் ஃபென்ரிர் என்ற ஓநாய் உலக முடிவில் கடவுளரின் தலைவனையே விழுங்கும்.

வேட்டையாடியும் போர் செய்தும் பிழைத்தவனுக்கு ஓநாய் குரு. மங்கோலியரின் பழைய வரலாற்று நூல் செங்கிஸ்கானின் வம்சத்தை ஓர் ஓநாயிலிருந்து தொடங்குகிறது. துருக்கியருக்குத் தாய் ஓநாய். உரோமை நகரத்தை உண்டாக்கிய ரோமுலஸ், ரேமுஸ் இருவருக்கும் பால் கொடுத்தது பெண் ஓநாய். கிப்ளிங்கின் காட்டுக் கதையில் 1894இலேயே மனிதக் குழந்தையை வளர்ப்பது இந்திய ஓநாய்க் குடும்பம், அதில் நரிக்குக் கிடைத்தது எச்சில் பொறுக்கி வேடம். சீன எழுத்தாளர் ஜியாங் ரோங்கின் மங்கோலியப் புல்வெளி நாவலைத் தமிழில் சி. மோகன் 'ஓநாய் குலச்சின்னம்' என்று கொண்டுவந்தார். ஓநாயைக் கொன்றால் மான் பெருகும், மான் பெருகினால் புல் போகும், புல் போனால் மேய்ச்சல்காரனும் போவான் என்ற கணக்கை அந்த நாவலில் கிழட்டு மேய்ப்பர் ஒருவர் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இரண்டு முகமும் ஒரே இடத்தில் கிடைப்பது இருக்கு வேதத்தில். ஓநாயின் வாயிலிருந்து ஒரு காடையை அசுவினி தேவர்கள் மீட்கிறார்கள், அது ஒரு கதை. இன்னொன்றில் ருஜ்ராசுவன் என்பவன் ஒரு பெண் ஓநாய்க்காக நூறு ஆட்டை வெட்டிப் போடுகிறான், கோபத்தில் தகப்பன் அவன் கண்ணைக் குருடாக்குகிறார், அந்தப் பெண் ஓநாயே அவனுக்காகத் தேவர்களிடம் வேண்ட, கண் திரும்பக் கிடைக்கிறது. தகப்பனின் கோபம் மந்தைக்காரனின் கோபம். மகனுக்கு என்ன பைத்தியம் என்று வேதம் சொல்லவில்லை.

சங்கப் பாட்டுக்கு வந்தால் பாலை நிலத்தில் செந்நாய் நிற்கிறது. குறுந்தொகை 56இல், செந்நாய் கிண்டிக் குடித்து மிஞ்சிய, காட்டு மல்லிகை விழுந்து அழுகிய கொஞ்சத் தண்ணீரைத் தன் காதலி தன்னோடு வந்து குடிக்கட்டும், பாவம் அவள், என்கிறான் ஒருவன். அங்கே அந்த விலங்கு வில்லனும் இல்லை, குருவும் இல்லை. அந்த வெயிலில் தண்ணீர் தேடித் தவிக்கிற இன்னொரு உயிர், அவ்வளவுதான்.

கிழக்குக்கு ஓநாய் வந்த வழி

ஓநாய் இல்லாத ஊருக்கு ஓநாய்ப் பயம் எப்படி வந்தது? மறைநூல்களும் கதைகளும் கொண்டுவந்தன. கிழக்கில் மூன்று வாசலால் வந்தது.

1. குர்ஆன். காத்தான்குடியிலும் கல்முனையிலும் மதரசாவுக்குப் போன பிள்ளைக்கு யூசுப் நபி (அலை) வரலாறு மனப்பாடம். பன்னிரண்டாம் அத்தியாயம். "அவனை ஓநாய் தின்றுவிடுமோ" என்று தந்தை யாக்கூப் நபி (அலை) யூசுபைப் பற்றிச் சொன்ன பயத்தையே அவருடைய மற்றப் பிள்ளைகள் சாட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். தம்பியைக் கிணற்றில் போட்டுவிட்டு, சட்டையில் பொய் இரத்தம் பூசி, இரவில் அழுதுகொண்டு வந்து ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். சட்டையில் ஒரு கிழிசலும் இல்லையே என்பதைத் தந்தை கவனித்தார் என்று விரிவுரைகள் சொல்லும். விவிலியத்தின் ஆதியாகமத்திலும் இதே வரலாறு இருக்கிறது, அங்கே கொடிய விலங்கு என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிடுவார்கள். உலக இலக்கியத்தில் ஓநாய் மேல் விழுந்த பழிகளுக்குள் பொய்ப்பழி என்று நூலே தெளிவாகச் சொல்லிவிடுவது இது.

2. விவிலியம். ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய், ஓநாய்களுக்குள் அனுப்பப்பட்ட ஆடு, இரண்டும் மத்தேயு நற்செய்தியில் இருக்கின்றன. மேடையில் அரசியல்வாதியைத் திட்டுகிற எல்லாச் சமயத்தவரும் முதலாவதை எடுத்துப் பாவிக்கிறார்கள்.

3. பாரதம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் பதினெட்டு நாள் பாரதம் நடந்து தீமிதிப்போடு முடியும். அந்தப் பாரதத்தில் பசி அடங்காத பீமனுக்கு ஓநாய் வயிற்றுக்காரன் என்று ஒரு பெயர். வசையாக இல்லை, பெருமையாக.

மூன்றிலும் ஓநாய் இருக்கிறது, மூன்றையும் கேட்டவர்களில் ஓநாயை நேரில் கண்டவர் இல்லை. எங்கள் நிலத்தில் ஊறிய பயங்கள் வேறு: யானை, முதலை, காடேறி. இரவு வாடியில் காவல் கிடக்கிறவருக்கு நரி ஊளையில் பயம் வராது, வேறு சத்தமே இல்லாமல், யானை மரம் முறிக்கிற சத்தம் மட்டும் கேட்டால்தான் வரும்.

நரிக்குக் கிடைத்த பாத்திரம்

ஓநாய்க்குப் பலம் என்றால் நரிக்கு மூளை. இது சும்மா வந்ததில்லை. புலி, சிறுத்தை அடித்த இரையின் மிச்சத்துக்காக நரி பின்னால் போவது வேட்டைக்காரர் எல்லோரும் கண்டது, தள்ளி நின்று, பெரியவர் எழும்பிப் போகும்வரை பொறுத்திருந்து தின்னும். அரசன் பக்கத்தில் நின்று, கோபம் பார்த்து, நேரம் பார்த்துப் பேசி வயிறு வளர்க்கிற மந்திரிக்கு இதைவிடப் பொருத்தமான வேடம் எது? பஞ்சதந்திரத்தில் சிங்க ராசாவுக்கு இரண்டு நரிகளை மந்திரியாக்கினவர் காட்டையும் அரண்மனையையும் நன்றாகவே பார்த்திருக்கிறார்.

வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே போகிறார். வேலேந்திய வீரனுக்கே அஞ்சாத யானை, கால் புதைகிற சேற்றில் மாட்டினால் அதை நரி கொன்றுவிடும் என்கிறது குறள் 500. யானை வருகிற வயல்களைத் தெரிந்தவர்களுக்கு இந்தக் குறள் படமாகவே தெரியும். மாணிக்கவாசகருக்காகச் சிவன் நரிகளைக் குதிரையாக்கிப் பாண்டியனிடம் ஒப்படைத்த கதையில், இரவானதும் அவை பழையபடி நரியாகி லாயத்தில் நின்ற உண்மையான குதிரைகளையும் கடித்துவிட்டு ஓடுகின்றன. மார்கழியில் திருவெம்பாவை பாடுகிற ஊர்களில் இது தெரியாத ஆள் இல்லை.

அப்புறம் நரிக்கொம்பு. சில நரிகளின் மண்டையோட்டில் அபூர்வமாக ஒரு சின்ன எலும்பு முளை வருவதுண்டு, மயிருக்குள் மறைந்திருக்கும். கூட்டத்துத் தலைவனுக்குத்தான் அது இருக்கும், கையில் இருந்தால் நினைத்தது நடக்கும், தொலைந்தாலும் தானே திரும்பி வரும், வழக்கு வெல்லும் என்று தமிழரும் சிங்களவரும் நம்புவதை, ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த டெனன்ட் 1861இலேயே எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கும் விற்கிறார்கள். விற்கப்படுவதில் நரியின் உடம்பில் இருந்து வந்தது எவ்வளவு, வேறு விலங்கின் எலும்பை மயிரோடு ஒட்டினது எவ்வளவு என்று வாங்குகிறவர் கேட்பதில்லை. உண்மையாகவே கொம்பு தேடுகிறவர் எத்தனை நரியைக் கொன்று பார்க்க வேண்டும் என்பதையும் யோசியுங்கள். இவ்வளவு மூளைக்காரன் தன் தலையில் இருக்கிற அதிர்ஷ்டத்தை வைத்துத் தன்னையே காப்பாற்ற முடியவில்லை என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

செய்திகளை எப்படி எடுத்துக்கொள்வது?

1. "அழிந்த ஓநாய் உயிர்த்தது." 2025 ஏப்ரலில் கொலோசல் என்ற அமெரிக்க நிறுவனம் மூன்று வெள்ளைக் குட்டிகளைக் காட்டியது, இரண்டுக்கு ரோமுலஸ், ரேமுஸ் என்றே பெயர். செய்தது என்னவென்றால், சாம்பல் ஓநாயின் மரபணுவில் இருபது இடங்களில் திருத்தம். பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் முன்பே அழிந்த அந்த டயர் ஓநாயோ (dire wolf) சாம்பல் ஓநாய்க்கு நெருங்கிய சொந்தம்கூட இல்லை, தனி வம்சம் என்று 2021இல் வந்த ஆய்வு சொல்கிறது. ஆக, திருத்திய ஓநாய் என்று சொன்னால் போதும்.

2. உத்தரப் பிரதேசம். 2024 நடுப்பகுதியில் பஹ்ராயிச் மாவட்டத்தில் ஓநாய்கள் ஆள்களைக் கொன்றது உண்மை, செத்தவர்களில் பெரும்பாலோர் பிள்ளைகள். கதவில்லாத மண் வீடு, வெளியில் படுக்கிற ஏழைக் குடும்பங்கள். வனத்துறை ஒவ்வொன்றாகப் பிடித்தது. அதற்கிடையில் ஓநாய்கள் பழிவாங்குகின்றன என்று தொலைக்காட்சிகள் கதை கட்டின. 1996இல் அதே மாநிலத்தின் கிழக்குப் பகுதியில் இப்படி நடந்தபோது ஓநாய் வேடத்தில் மனிதன் வருகிறான் என்று வதந்தி பரவி, சந்தேகத்தில் அப்பாவிகளைக் கூட்டம் அடித்துக் கொன்ற செய்திகளும் வந்தன. 2011 ஆகஸ்டில், உடம்பில் கிறீஸ் பூசிக்கொண்டு இரவில் மர்ம ஆள் வருகிறான் என்ற கிறீஸ் பூதப் பயத்தில் அம்பாறையும் மட்டக்களப்பும் எப்படிக் கிடந்தன என்று நினைவிருப்பவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். ஆளைத் தெரியாவிட்டால் அடி என்ற நிலைமை வர ஒரு வாரம் போதும்.

3. கடியும் விசரும். உலகம் முழுக்க 2002 முதல் 2020 வரை நடந்த ஓநாய்த் தாக்குதல்களை நோர்வே ஆய்வாளர்கள் தொகுத்தபோது, 489 பேர் தாக்கப்பட்டு 26 பேர் இறந்திருந்தார்கள். அந்த 489 பேரில் 380 பேரைக் கடித்தது விசர் (ரேபிஸ் நோய்) பிடித்த ஓநாய். பசிக்காக மனிதனைத் தேடி வருவது குறைவு, நோயில் புத்தி கெட்டு வருவதுதான் அதிகம். நரிக்கும் இதே கணக்குத்தான். நல்ல நரி மனிதனைக் கண்டால் ஓடும். பகலில் ஊருக்குள் வந்து, பயமில்லாமல், தள்ளாடி, எதிர்ப்பட்டதை எல்லாம் கடிக்கிற நரியைக் கண்டால் அதற்கு விசர் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும், வீடியோ எடுக்கக் கிட்டப் போகக்கூடாது.

கடித்துவிட்டால், அல்லது கீறிவிட்டால்கூட, நரியோ நாயோ என்ற வாக்குவாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். முதலில் ஓடுகிற தண்ணீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதுவும் பூச வேண்டாம். அன்றைக்கே அரச வைத்தியசாலைக்குப் போங்கள், தடுப்பூசி அங்கே இலவசம். அறிகுறி தெரிய பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் எடுக்கும், அதனால்தான் பலர் "ஒன்றுமில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அறிகுறி தொடங்கிய பிறகு மருந்து இல்லை. காட்டு விலங்கு கடித்தால், நாய்க்குச் செய்வது போலச் சில நாள் பிடித்துக் கட்டிவைத்துப் பார்க்கிற வழியும் கிடையாது, ஊசி உடனே தொடங்க வேண்டும். பட்டியில் மாடு கடிபட்டிருந்தால் கால்நடை வைத்தியருக்கும் சொல்லுங்கள், அந்த மாட்டின் வாய்க்குள் வெறுங்கையை விட வேண்டாம். வளவில் நிற்கிற நாய்க்கு வருடாவருடம் விசர்நாய் ஊசி போட்டிருக்கிறதா என்று கார்டை எடுத்துப் பாருங்கள், காட்டிலிருந்து வருகிற விசர் வீட்டுக்குள் நுழைகிற வழி பெரும்பாலும் அதுதான்.